கடைசிப் பதிவு வரை

நவம்பர் 18, திங்கள்

டிஸ்க் பெட்டி செத்துவிட்டது.

ஏ.சி.யின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் பூட்டிக்கொண்டு போனதிலிருந்து சொட்டுச் சொட்டாக, வேறு இடமே கிடைக்காத மாதிரி, பெட்டியின் தலையிலேயே விழுந்திருக்கிறது. அதுவும் பாவம், இன்று காலை வரை தாக்குப்பிடித்தது. பத்து மணிக்கு மேல் சைட் நின்றது. டீயைக் கீழே வைத்துவிட்டு சர்வர் ரூமுக்கு ஓடினேன். சர்வர் ரூம் என்பது பெருமைக்குச் சொல்வது. பழைய ஸ்டோர் ரூமைப் பிளைவுட் வைத்துத் தடுத்தது. உள்ளே கால் வைத்ததும் சாக்ஸ் நனைந்தது. பெட்டியில் எல்லா விளக்கும் சிவப்பு.

அந்தப் பெட்டிக்குள்தான் இல்லறம் திருமணத் தகவல் நிலையம் முழுவதும் இருந்தது. ஈரோடு, பவானி, கோபி, பெருந்துறை என்று சுற்றுவட்டாரத்தில் வரன் தேடுகிற அத்தனை பேரின் ஜாதகம், போட்டோ, படிப்பு, உயரம், நிறத்தைப் பற்றிய பொய்.

முதலாளி கோகிலாம்மா வாசலிலேயே நின்றுகொண்டார். ஈரத்தில் கால் வைக்க மாட்டார்.

“ஏனுங்க நல்லமுத்து, பேக்கப் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்கம்மா. தெனமும் ஸ்னாப்ஷாட் எடுத்து, உங்க ஊட்டு மாடில இருக்கற பெட்டிக்குப் போயிருதுங்க.”

“அதென்னங்க ஸ்னாப்ஷாட்டு?”

“டிஸ்க் அந்த நிமிசம் எப்படி இருந்துச்சோ, அப்படியே ஒரு போட்டோ புடிச்சு வெக்கற மாதிரிங்க.”

“அப்பச் சரி. அந்தப் போட்டோவ எடுத்து மாட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் அவர் வீட்டு மாடிக்குப் போனேன். ஊறுகாய் ஜாடிகளுக்கும் மடக்கி வைத்த கொலுப் படிகளுக்கும் நடுவில் நகல் பெட்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி ஸ்னாப்ஷாட்டின் தேதியைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன்.

அக்டோபர் 11.

கோகிலாம்மா காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

காலையில் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 11 ஆயுத பூஜை. மற்ற ஆபீஸ்களில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, பொரிகடலை கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கோகிலாம்மாவுக்கு அது ஆகாது. ஆயுதத்தைச் சாமிக்கு முன் வைத்தால் வைத்ததுதான், அன்று எதுவும் ஓடக் கூடாது. “மனுசனுக்கு ஞாயித்துக்கெழம லீவு உடறமுங்க. வருசத்துக்கு ஒரு நாள் அதும் தூங்கட்டுமே” என்பார். எனவே வருஷா வருஷம் நான் டேட்டாபேஸை முறையாக நிறுத்தி, கையாலேயே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, தினசரி ஸ்னாப்ஷாட்டின் அட்டவணையை நிறுத்தி, சர்வரை அணைப்பேன். ஸ்டெல்லா சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பாள். ஸ்டெல்லா இங்கே போன் எடுப்பவள். மாதா கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனால் அவள் வைத்தால்தான் பொட்டு நேராக இருக்கும் என்று அம்மாவுக்கு நம்பிக்கை. மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து எல்லாவற்றையும் திரும்பப் போடுவது என் வேலை.

இந்த வருஷம் விஜயதசமி சனிக்கிழமை. “ராகு காலம் போவட்டும், பத்தரைக்கு மேல போடுங்க” என்றார். பத்தரைக்கு மேல் சர்வரைப் போட்டேன். டேட்டாபேஸைப் போட்டேன். சைட் வந்தது. அட்டவணையைப் போட இருந்தேன். அப்போது ஏதோ ஒரு போன் வந்தது. அப்புறம் போடவில்லை. அன்றைக்கும் போடவில்லை, அதற்கடுத்த ஒரு மாதமும் போடவில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். “சரி, பூஜை அன்னைக்கு இருந்ததையே மாட்டுங்க. அதுக்கப்பறம் சேந்தவங்க மறுக்காப் பதிஞ்சுக்கட்டும். கார்த்திகை முகூர்த்தம் தொடங்கிருச்சு, வெள்ளிக்கெழமக்குள்ள சைட்டு வரோணும்” என்றார்.

சரிங்கம்மா என்றேன். ஆனால் சரியில்லை. ஒரு பதிவுக்குச் சரியில்லை.

நவம்பர் 20, புதன்

கோயமுத்தூரிலிருந்து புதுப் பெட்டி வந்தது. ஏ.சி.க்கு நேர் கீழே வைக்காமல் எதிர் மூலையில் வைத்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பூஜைக்கு முந்தைய நாட்களின் ஸ்னாப்ஷாட்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் திறக்கவில்லை. எங்கள் டேட்டாபேஸ் இரண்டு வால்யூமில், அதாவது டிஸ்க்கின் இரண்டு பாகத்தில், பிரிந்து கிடக்கிறது. அட்டவணை முதலில் ஒன்றைப் படம் பிடித்துவிட்டு, சற்றுப் பொறுத்து மற்றதைப் பிடித்திருக்கிறது. நடுவில் ஓடிய வேலையைப் பற்றி இது ஒன்று சொல்கிறது, அது ஒன்று சொல்கிறது. சண்டைக்கு மறுநாள் புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனியாக விசாரித்த மாதிரி. பூஜை நாளின் ஸ்னாப்ஷாட் மட்டும் ஒழுங்காகத் திறந்தது. அன்று டேட்டாபேஸ் தூங்கிக்கொண்டிருந்ததே, அதனால்.

கோகிலாம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அதுக்குத்தானுங்க நாள் கெழமைன்னு ஒண்ணு வெக்கறது” என்றார்.

அந்த ஒரு பதிவைப் பற்றி எழுதிவிடுகிறேன். சுகந்தி, முப்பத்தெட்டு வயது, கோபி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கணவர் தவறிவிட்டார். அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஊர் வாயை மூட அண்ணனே இங்கே பதிவு செய்து, தன் நம்பரைக் கொடுத்து, வருகிற வரனுக்கெல்லாம் ‘விருப்பமில்லை’ என்று பதில் போட்டுக்கொண்டிருந்தார். கூட வேலை செய்பவர் சொல்லித்தான் இப்படி ஒரு பதிவு இருப்பதே சுகந்திக்குத் தெரியும். விஜயதசமி அன்று காலையில் கூப்பிட்டார். ஸ்டெல்லா வரவில்லை. நான் எடுத்தேன்.

“இன்னைக்கு நல்ல நாளுன்னாங்க, எதையாச்சும் ஆரம்பிக்கலாம்னு. என்ற பதிவுல எங்கண்ணன் நம்பர் இருக்குதுங்க. அத எடுத்துப்போட்டு என்ற நம்பரப் போட முடியுங்களா?”

பிறந்த தேதி, நட்சத்திரம், ஆதார் எல்லாம் கேட்டுச் சரிபார்த்துவிட்டு மாற்றினேன். “அண்ணனுக்குத் தெரிஞ்சா வேலைக்கே அனுப்ப மாட்டாருங்க” என்றார். அவருக்குத் தெரிய வராதுங்க என்றேன்.

அதன்பிறகு அவ்வப்போது கூப்பிடுவார். அவருக்கும் எங்கள் ஸ்டெல்லாவுக்கும் ஒரு மணிக்குத்தான் சாப்பாட்டு நேரம். அதனால் போனை நான்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் இரண்டு மணிக்குச் சாப்பிடுவது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது பூஜை நாளின் ஸ்னாப்ஷாட்டைத் திறந்தால் அண்ணன் நம்பர் திரும்ப வந்துவிடும். இத்தனை நாளில் அவருக்கு விருப்பம் தெரிவித்தவர்கள், என்ன ஆயிற்று என்று விசாரிக்க அண்ணனையே கூப்பிடுவார்கள். திருத்தலாம் என்றால் அவருடைய புது நம்பர் எனக்குத் தெரியாது. வாடிக்கையாளர் நம்பரை ஆபீஸ்காரர்கள் எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது இங்கே சட்டம். சட்டத்தைப் போட்டதே நான்தான். எங்கள் போனும் பழசு, யார் கூப்பிட்டார்கள் என்று காட்டாது.

நவம்பர் 21, வியாழன்

மழை. துவைத்த சட்டை மூன்று நாளாகக் காயவில்லை. ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் போட்டிருக்கிறேன். யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. பெருந்துறையிலிருந்து, ஜாதகத்தைக் காணோம் என்று.

நவம்பர் 22, வெள்ளி

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்ற பேர் வாங்காமல் பிழைத்தேன்.

சர்வருக்குள்ளேயே ஒரு சின்ன டிஸ்க் உண்டு. அது நிரம்புகிறது, நிரம்புகிறது என்று மூன்று வாரமாகத் தினமும் எனக்கு மெயில் வந்துகொண்டிருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இன்று காலை, அப்படி எதைத் தின்று நிரம்பியது என்று பார்த்தால், லாக். டேட்டாபேஸ் எதைச் செய்தாலும் முதலில் லாக்கில் எழுதிவிட்டுத்தான் செய்யும். அதுவும் நாட்குறிப்பு எழுதுகிற ஜாதிதான், என்னைப் போல் எதையும் விட்டுவிட்டு எழுதாது. ஸ்னாப்ஷாட் எடுத்து முடித்ததும் பழைய லாக்கை அழித்துவிடும்படி வைத்திருந்தேன். ஸ்னாப்ஷாட்டே எடுக்கவில்லை. எனவே அழிக்கவும் இல்லை. விஜயதசமியிலிருந்து திங்கட்கிழமை காலை பெட்டி சாகும் வரை எல்லாம் அப்படியே இருக்கிறது. பூஜை நாளின் ஸ்னாப்ஷாட்டைக் கீழே போட்டு, அதன் மேல் லாக்கை வரிசையாக ஓட்டினால், நடந்ததெல்லாம் நடந்தபடி திரும்ப நடக்கும்.

சந்தோஷமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சர்வர் ரூமில் சொல்வதற்கு யாரும் இல்லை.

கோகிலாம்மாவுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. “இன்னைக்கி வெள்ளிக்கெழமைங்க.”

“திங்கக்கெழம வரைக்கும் டைம் குடுங்கம்மா.”

“பூஜை அன்னைக்கு இருந்தது இருக்குதில்லீங்க? அதப் போட்டுத் தொறந்துட்டு, மிச்சத்த அப்பறம் பாருங்க.”

“அது ஆகாதுங்கம்மா. தொறந்துட்டா புதுசா எழுத ஆரம்பிச்சிரும். அப்பறம் பழச மேல ஓட்ட முடியாதுங்க. முடியாதுன்னா முடியாதுங்க.”

குரல் உயர்ந்துவிட்டது. ஸ்டெல்லா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

“பதிமூணு வருசத்துல நீங்க என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்லை” என்றார் கோகிலாம்மா. “யாருக்காகங்க இத்தன பிடிவாதம்?”

“எல்லாருக்கும்தானுங்க.”

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணத் தரகில் தலை நரைத்தவர். “சரி. திங்கக்கெழம தொறந்துரோணும். அந்த ஞாயித்துக்கெழம வரைக்கும் இருந்தது வந்தாப் போதும். பொட்டி போன அன்னைக்கு காலைல ரெண்டு மணி நேரம் போனாப் போவட்டும், அதுக்குன்னு உசுர உடாதீங்க.”

நவம்பர் 23, சனி

லாக்கை ஓட்டும்போது எந்த நேரம் வரை ஓட்ட வேண்டும் என்று நாம் சொல்லலாம். அங்கே நின்றுவிடும். ஒரேயடியாக ஓட்டினால் எங்கே தவறியது என்று தெரியாது. எனவே தனி நகலில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு பதிவைத் திறந்து சரிபார்க்கிறேன். எந்தப் பதிவு என்பது சரிபார்ப்பவன் இஷ்டம்.

பூஜை நாள்: அண்ணன் நம்பர். ‘குடும்பப் பாங்கானவர், நன்கு சமைப்பார்.’

விஜயதசமி மதியம்: புது நம்பர். நான் தட்டியதுதான். ஒரு தடவை பார்த்தேன். எழுதிக்கொள்ளவில்லை. இனி இந்தப் பதிவுக்கு ஆபத்தில்லை. மூச்சு விட்டேன்.

தீபாவளி: ‘என்னைப் பற்றி’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தார். சமையலை விடுங்க, உங்களுக்கு என்ன புடிக்கும்னு எழுதுங்க என்று சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “பஸ்ஸுல சன்னலோரம் சீட்டுங்க” என்று சிரித்தார். அதையே எழுதுங்க என்றேன். எழுதியிருக்கிறார். ‘பேருந்தில் சன்னலோர இருக்கை பிடிக்கும். பக்கத்தில் பேசாமல் வருகிறவர்களையும் பிடிக்கும்.’

இரண்டாவது வரி எனக்குத் தெரியாது. போனில் சொல்லவில்லை. நான் இந்த ஆபீஸிலேயே குறைவாகப் பேசுகிறவன்.

நவம்பர் 24, ஞாயிறு

ஆபீஸில் நான் மட்டும். டீக்கடை லீவு. வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்சாதம் புளித்துவிட்டது.

நவம்பர் 10 வரை ஓட்டினேன். நான்கு பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். மூன்று பேருக்கு அவரே மரியாதையாக மறுப்பு எழுதியிருக்கிறார். நான்காமவர் சத்தியமங்கலம். பஸ் டிப்போவில் மெக்கானிக், வயது நாற்பத்து மூன்று. அவருக்கு ‘பேசலாம்’ என்று பதில். போட்டோவைப் பார்த்தேன். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிகிறது. மீசை கொஞ்சம் அதிகம்.

கடைசியாகக் கூப்பிட்டபோது, “நேர்ல பாத்துப் பேசலாங்கறாங்க. போலாங்களா?” என்று கேட்டார். பகல்ல, நாலு பேரு இருக்கற எடமாப் பாத்துப் போங்க என்று சொன்னேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதன்பிறகு கூப்பிடவில்லை. சைட் ஒரு வாரமாக மூடிக் கிடக்கிறது, ஊரே போன் போட்டுத் திட்டுகிறது, அவர் மட்டும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் 17-ம் தேதி ராத்திரி வரை ஓட்டி முடித்தேன். ஒரு பிழையும் இல்லை. அம்மா கேட்டது இவ்வளவுதான். இங்கேயே நிறுத்திவிட்டு நாளை காலை திறந்துவிடலாம். மிச்சமிருக்கிற ஒரே ஒரு லாக்கையும் பார்த்துவிட்டால் மனசு ஆறும். நாளைக்குப் பார்க்கிறேன்.

நவம்பர் 25, திங்கள்

பார்த்தேன்.

18-ம் தேதி காலை, சைட் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால், சுகந்தி உள்ளே வந்திருக்கிறார். தன் பதிவில் ‘வரன் அமைந்தது’ என்று மாற்றியிருக்கிறார். அப்படி மாற்றினால் ஒரு பெட்டி திறக்கும், ‘நிலையத்துக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா’ என்று. அனேகமாக யாரும் எழுத மாட்டார்கள். அவர் எழுதியிருக்கிறார்.

‘போனில் வழிகாட்டிய சாருக்கு நன்றி. இத்தனை தடவை பேசியும் அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. மன்னிக்கவும்.’

அதுதான் டேட்டாபேஸின் கடைசிப் பதிவு. அதற்கு அடுத்து பெட்டி செத்திருக்கிறது.

வெளியே போய் டீ குடித்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போய் இன்னொன்று குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்தினால் யாரும் கேட்கப் போவதில்லை. முதலாளியே சொன்னதுதான். சுகந்தியின் பதிவு திறந்தே இருக்கும். புது வரன்கள் வந்துகொண்டே இருக்கும். என்ன இது என்று அவர் போன் செய்வார். ஒரு மணிக்குத்தான் செய்வார். வரன் அமைஞ்சிருச்சுங்களே, போட்டேனுங்களே என்பார். அப்படிங்களா, எடுத்தர்றனுங்க, வாழ்த்துகள் என்பேன். பெயரைக் கேட்டாலும் கேட்பார். ஒரு போன், அவ்வளவுதான். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை. ஆசைப்பட்டேன், ஆனால் அது இப்போது எதற்கு.

எவ்வளவு நேரம் வரை ஓட்ட வேண்டும் என்று திரை கேட்டுக்கொண்டு நின்றது.

அவருடைய அண்ணன் என்ன செய்தார்? தங்கச்சியின் பதிவைத் தன் கையில் வைத்துக்கொண்டு, நடக்க வேண்டியதை நடக்க விடாமல் பிடித்து வைத்தார். இத்தனை நாளும் அந்த ஆளை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். இந்த இரண்டு மணி நேரத்தை நான் பிடித்து வைத்தால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. சர்வர் ரூமில் ஆள் இல்லாததில் இப்படி ஒரு சௌகரியம்.

கடைசிப் பதிவு வரை என்று கொடுத்தேன்.

மூன்று மணிக்கு சைட் திறந்தது. கோகிலாம்மா எல்லோருக்கும் லட்டு வாங்கி வரச் சொன்னார். எதுவுமே போகவில்லை, அந்த இரண்டு மணி நேரமும்கூட வந்துவிட்டது என்று சொன்னேன். “பாத்தீங்களா, உசுர உட்டுட்டீங்க” என்றார்.

நவம்பர் 26, செவ்வாய்

ஏ.சி. குழாய்க்கு ஆள் வந்தார். உள்ளே ஒரு பல்லி.

இரண்டு வால்யூமையும் ஒரே நொடியில் படம் பிடிக்கிற மாதிரி மாற்றி, அட்டவணையைப் போட்டேன். முதல் ஸ்னாப்ஷாட் நன்றாக முடிந்தது. முடிந்ததும் பழைய லாக் எல்லாம் தானாக அழிந்தது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறது.

டிசம்பர் 2, திங்கள்

மாதம் பிறந்ததும் முதல் திங்கட்கிழமை, வரன் அமைந்தவர்கள் எழுதியதை கோகிலாம்மா சத்தமாகப் படிப்பார். இந்த மாதம் இரண்டே இரண்டு. முதலாவது, போட்டோ மாறிவிட்டது என்ற புகார். இரண்டாவதைப் படித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

“யாருங்க அந்தச் சாரு?”

“தெரியலீங்கம்மா. எத்தனையோ பேரு போன் எடுக்கறமுங்களே” என்றேன்.

ஆபீஸில் மொத்தம் மூன்று பேர். அதில் இரண்டு பேர் பெண்கள். ஸ்டெல்லா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கோகிலாம்மா அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, “செரி, அடுத்த சோலியப் பாருங்க” என்று காகிதத்தை மடித்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மணிக்கு ஸ்டெல்லா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நானும் என்னுடையதைத் திறந்தேன். இனிமேல் இரண்டு மணி வரை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஒரு வாய் வைத்ததும் போன் அடித்தது. நெஞ்சும் கூடச் சேர்ந்து அடித்தது. அதற்குப் புத்தி கிடையாது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

“வணக்கமுங்க, இல்லறம் திருமண நிலையம். நல்லமுத்து பேசறனுங்க.”

பதிமூன்று வருஷத்தில் அந்தப் போனில் என் பெயரைச் சொன்னது இன்றுதான்.

“ஆங், நல்லமுத்துங்களா” என்றது அந்தப் பக்கம் ஒரு பெரியவர் குரல். பவானியாம். மகனுக்குப் பதிவு போட வேண்டுமாம். என்னென்ன வேணுங்க நல்லமுத்து என்று கேட்டார். சொன்னேன்.